காட்டுக்கு எவ்வளவு நேரம், வீட்டுக்கு எவ்வளவு நேரம்? கொடைக்கானல் மேல்மலையிலிருந்து சில பதில்கள்

கேள்வி: 3 மார்ச் 2025

"மலைக் கிராமங்களில் விவசாயம் பார்க்கும் பெண்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காட்டு வேலைக்கும் எத்தனை மணி நேரம் வீட்டு வேலைக்கும் செலவிடுகிறார்கள்? மதுரையில் கல்லூரியில் படிக்கிறேன், புராஜெக்டுக்காகக் கேட்கிறேன். கேஸ், மிக்ஸி, கிரைண்டர், வீட்டுக் குழாய் எல்லாம் வந்துவிட்டதால் வீட்டு வேலை பாதியாகக் குறைந்திருக்கும் என்று என் வகுப்பில் பலர் சொல்கிறார்கள். தோராயமான கணக்கு இருந்தால் போதும்."

3 மார்ச், இரவு

தோராயம் போதும் என்றால் காட்டில் (எங்கள் பக்கம் விளைநிலத்தைத்தான் காடு என்போம்) எட்டு மணி நேரம், வீட்டில் ஏழு மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டையும் கூட்டிப் பதினைந்து என்று போட்டுவிடாதீர்கள், கணக்கு உதைக்கும். ஏன் என்று நாளைக்குச் சொல்கிறேன். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டு வேலை பாதியாகிவிட்டது என்று சொன்னது உங்கள் வகுப்பில் பையன்களா, பெண்களா?

4 மார்ச்

நான் மன்னவனூர் பக்கம். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, கொஞ்சம் பீன்ஸ். பட்டா முன்பு மாமனார் பேரில் இருந்தது, இப்போது வீட்டுக்காரர் பேரில். எங்களுக்கு இது பூண்டு எடுக்கிற சமயம். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மலைப்பூண்டுதான்.

நேற்றுச் சாயங்காலத்தைச் சொல்கிறேன். காட்டிலிருந்து வந்தபோது முற்றத்தில் காய்ந்த பூண்டு தாளோடு குவிந்து கிடந்தது. அரிசியை உலையில் போட்டுவிட்டு வாசல்படியில் அரிவாள்மனையோடு உட்கார்ந்தேன். தாளை ஒரு விரற்கடை விட்டு அறுக்க வேண்டும். வேரை அடியோடு ஒட்ட நறுக்க வேண்டும், ஆனால் பல்லில் வெட்டு விழக்கூடாது. மண் ஒட்டிய மேல்தோலைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. அப்புறம் பெரிசு ஒரு கூடை, நடுத்தரம் ஒரு கூடை, பொடி ஒரு கூடை. சின்னவன் எதிரே உட்கார்ந்து பதிமூன்றாம் வாய்ப்பாடு ஒப்பித்தான். ஒவ்வொரு தடவையும் ஏழில் தடுக்கினான், தலையைத் தூக்காமலே திருத்தினேன். உலை பொங்கியது, போய் வடித்தேன். அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

இந்த ஒன்றரை மணி நேரத்தை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? சமையலா, விவசாயமா, பிள்ளை படிப்பா, பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதா?

அந்தப் பூண்டு வடுகபட்டி சந்தைக்குப் போய்க் காசாகிறது. ஆனால் நான் வாசல்படியில் உட்கார்ந்து செய்ததால், "அம்மா சாயங்காலம் என்ன செஞ்சாங்க?" என்று சின்னவனைக் கேட்டால் "வீட்டுலதான் இருந்தாங்க" என்பான். அதே படியில் கூலிக்கு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரர் நோட்டில் வரவு செலவு எழுதியிருப்பார்.

6 மார்ச்

அரசாங்கத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும், இவ்வளவு கதை எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்த்தேன், நல்ல ஆய்வுதான். 1998–99ல் ஆறு மாநிலங்களில் மட்டும் எடுத்தார்கள், அதில் தமிழ்நாடும் உண்டு. நாடு முழுக்க முதல் முறை 2019ல். அடுத்தது 2024ல் எடுத்தது, அதன் விவரம் போன வாரம்தான் வெளிவந்தது.

சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019ல் இது 299, 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது, ஆண்களுக்கு ஒன்பது நிமிடம். கேஸ், மிக்ஸி எல்லாம் சேர்ந்து செய்த சாதனை இதுதான், உங்கள் தோழர்களிடம் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த நிமிடங்கள் எல்லாம் அன்றைக்கு அந்த வேலையைச் செய்தவர்களின் சராசரி. 2019ல் அப்படிச் செய்த பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். நாலு ஆண்களில் மூன்று பேர் அன்றைக்கு ஒரு தம்ளர்கூடக் கழுவவில்லை, அவர்கள் இந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை.

கணக்கெடுக்கும் முறைதான் எனக்கு இடிக்கிறது. காலை நாலு மணியிலிருந்து மறுநாள் காலை நாலு மணி வரை, அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை எழுதலாம், ஆனால் அதில் முக்கியமானது எது என்று குறிக்க வேண்டும். என் வாசல்படி நேரம் மூன்று கட்டம். எது முக்கியம் என்று என்னைக் கேட்டால், உலை பொங்கும்போது உலை, இல்லாதபோது பூண்டு. கேட்கிறவர் முன்னால் அத்தை உட்கார்ந்திருந்தால் அத்தையின் மாத்திரை.

6 மார்ச், கொஞ்சம் கழித்து

விட்டுப்போனது. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் ஆளுக்கு ஒரு எண் போடுவார்கள். வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. வீட்டு வேலையோடு விறகு, தீவனம், கீரை சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது எல்லாம் செய்பவர் 93. குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காமல் உதவுபவர் 21. சொந்தமாகத் தொழில் நடத்துபவர் 11. எங்கள் வீட்டில் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு 11. நான் 21, நானே வாயைத் திறந்து சொன்னால்தான். எங்கள் தெருப் பெண்களைப் போய்க் கேளுங்கள், களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே "வீட்டுலதான்க்கா இருக்கேன்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் 92 ஆகிவிடுகிறார்கள்.

8 மார்ச்

இன்று மகளிர் தினம். எங்கள் சுயஉதவிக் குழுவைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள், காலை பத்து மணிக்கு. தலைப்பு: பெண்களும் நேர மேலாண்மையும். பூண்டு எடுக்கும் மாதத்தில் காலை பத்து மணிக்கு நேர மேலாண்மை வகுப்பு வைத்த புண்ணியவான் யாரோ. போனவர்களுக்குக் கோலப்போட்டியும் உண்டாம். நான் போகவில்லை.

11 மார்ச்

கோத்தகிரியிலிருந்து எழுதிய அக்காவுக்கு: உங்கள் பக்கம் எனக்குத் தெரியாத ஊர் இல்லை. என் பிறந்த வீடு நீலகிரிதான். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பம். அம்மா அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்.

அம்மாவின் நாளைச் சங்கு வெட்டிக் கொடுத்துவிடும். காலையில் சங்கு, பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) பேர் கொடுப்பது, மலை ஏறுவது. மதியம் நிறுவை. சாயங்காலம் கடைசி நிறுவை முடிந்து கூடையைக் கவிழ்த்துவிட்டால் அதற்கப்புறம் தோட்டத்துக்கும் அவருக்கும் பேச்சே இல்லை. கைப்பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விட்டுவிட்டுப் போவார்கள், நானும் அங்கே வளர்ந்தவள்தான். 1951ம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் அது இருக்க வேண்டும் என்றது. லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வந்த பிறகு சமையல், தண்ணீர், துணி எல்லாம் அம்மா தலையில்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் இது அது, அது இது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா தூங்குவார்.

கல்யாணமாகி இங்கே வந்த பிறகு என் மாமியார் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. சொந்தக் காடு, சொந்த மாடு. கங்காணி இல்லை, யாரும் விரட்டவில்லை. அதனாலேயே நிறுத்தவும் யாரும் இல்லை. முதல் வருடம் எனக்கு இதுதான் புரியவில்லை. "வேலை எப்ப முடியும் அத்தை?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இதை அம்மாவிடம் போனில் சொல்லி, நீங்கள் கொடுத்து வைத்தவர் என்றேன். "ஆமா, தூங்கினேன். சோறு பத்தாத வீட்டுல வேற என்ன செய்யச் சொல்ற?" என்றார். ஆகவே யாரும் இதைத் தோட்ட வேலைக்கு விளம்பரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

12 மார்ச்

அதே அக்கா பதில் எழுதியிருக்கிறார், அப்படியே போடுகிறேன்: "எங்களுக்குச் சங்கு கிடையாது, லாரி இருக்கு."

நீலகிரியில் 40,000க்கும் மேல் சிறு தேயிலை விவசாயிகள் இருக்கிறார்கள். பறித்த இலையை அன்றைக்கே ஃபேக்டரிக்கு அனுப்ப வேண்டும், வைத்திருந்தால் சூடேறிச் சிவந்துவிடும். இலை எடுக்க லாரி வரும் நேரம்தான் அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம், துணி துவைக்கும் நேரம், எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. லாரி முன்னதாக வந்தால் சாப்பாடு தள்ளிப்போகும். லாரி தாமதமானால் இலை மூட்டைக்குப் பக்கத்தில் காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்கிறார்.

இதைப் படித்த பிறகு எனக்கு விஷயம் கொஞ்சம் தெளிவானது. கேள்வியிலேயே "செலவிடுகிறார்கள்" என்று இருக்கிறது, ஏதோ நேரம் எங்கள் முந்தானை முடிச்சில் இருப்பது மாதிரி. எங்கள் நாளைப் பிரிப்பது நாங்கள் இல்லை. கேரட்டுக்கு லாரி, தண்ணீர் பாய்ச்சக் கரண்ட், பிள்ளைக்குப் பஸ், சொஸைட்டிக்குப் பால் நேரம். இவை எல்லாம் போக நடுவில் உதிரியாகக் கிடக்கும் நேரத்தில்தான் சமையலும் மற்றதும்.

கேத்தியிலிருந்து ஒருவர் சொல்வது: அவர்கள் பக்கம் கேரட் எடுக்க ஆட்கள் நடுராத்திரி தாண்டியே வண்டி ஏறுகிறார்களாம். எடுத்து, மிஷினில் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு இறக்க வேண்டும். அரசாங்கக் கணக்கில் நாள் தொடங்கும் நாலு மணிக்கு அவர்கள் பாதி வேலையில் இருப்பார்கள்.

14 மார்ச்

"ஆண்கள் மட்டும் சும்மா இருக்கிறார்களா? ராத்திரிக் காவல், மருந்தடிப்பு, மூட்டை தூக்குவது, சந்தை எல்லாம் யார் செய்வது?"

ஆண்கள்தான் செய்கிறார்கள். காட்டெருமையும் பன்றியும் இறங்குகிற காட்டில் பனியில் ராத்திரி முழுக்க உட்காருவது லேசான வேலை இல்லை. மருந்து டேங்கைத் தூக்கித் தூக்கி என் வீட்டுக்காரர் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியே போய்விட்டது. நான் சொல்ல வருவது வேறு. அவர் காவலுக்குப் போய் வந்தால் மறுநாள் காலையில் வீடு முழுக்க அவருக்காகச் சத்தம் குறையும், டிவி போட மாட்டோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் விடிய விடிய விழித்திருந்தால் மறுநாள் களை அதே நேரத்துக்குத்தான். இரண்டும் ராத்திரி விழிப்புதான். ஒன்றுக்கு வேலை என்ற பேர் இருக்கிறது, அதனால் ஓய்வும் கூடவே வருகிறது.

சந்தையும் அப்படித்தான். வடுகபட்டிக்குப் பூண்டு போட்டுவிட்டுக் கையில் காசும் பரோட்டா பார்சலுமாக வருகிறார். பரோட்டா எனக்கும் பிடிக்கும், அதில் புகார் இல்லை. ஆனால் காசை எண்ணுவதோடு அவர் வேலைக்கு ஒரு முடிவு கிடைக்கிறது.

இன்னொன்று கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் பெண்ணாள் கூலி இன்றைக்கும் ஆணாள் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதே பாத்தி, அதே வெயில். களை எடுப்பது, நெருக்கமாக முளைத்த கேரட்டைக் கலைப்பது, பூண்டு நடுவது எல்லாம் பெண்ணாள் வேலை என்று ஒதுக்கி வைத்திருப்பதே கூலி குறைவு என்பதால்தான் என்பது என் எண்ணம். இதன் விளைவு வீட்டுக்குள் வருகிறது. நான் ஒரு நாள் காட்டுக்குப் போகாவிட்டால் நட்டம் ஒரு பெண்ணாள் கூலி. அவர் போகாவிட்டால் ஆணாள் கூலி. வீட்டில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் படுத்தால் யார் வீட்டில் தங்குவது என்று பேச்சே எழாததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை.

15 மார்ச்

இல்லை, சந்தை நாளில் மட்டும்தான் பரோட்டா. எத்தனை பேர் இதையே பிடித்துக்கொண்டு கேட்பீர்கள்?

22 மார்ச்

எது உண்மையிலேயே நேரத்தை மிச்சம் செய்தது என்று திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. என் வரிசை:

முதலில் குழாய். அத்தை காலத்தில் ஓடையிலிருந்து சுமந்தார்கள், நான் வந்த புதிதில் தெருக் குழாய்க்கு வரிசையில் நின்றோம். இப்போது வாசலில் வருகிறது. மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது, யாரும் எதிர்பார்க்காதது, பள்ளிக்கூடத்துக் காலை உணவு. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. முன்பெல்லாம் காலையில் பிள்ளைக்கு ஒரு டிபன், காட்டுக்குத் தூக்குப் போணியில் கொண்டுபோக ஒரு சோறு குழம்பு என்று இரண்டு சமையல். இப்போது ஒன்று. சின்னவன் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது அந்த நேரம் மறுபடி கைவிட்டுப் போகும்.

மூன்றாவது பஸ். "மலைக்கு இலவச பஸ் கிடையாதே" என்று எழுதியவருக்கு: 2021ல் கிடையாது, 2024ல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வந்துவிட்டது. காசு மிச்சம், சந்தேகமே இல்லை. ஆனால் பஸ் வருவதே நாளைக்குச் சில தடவை என்றால் நேரம் மிச்சமாகாது. ஆஸ்பத்திரிக்கு அத்தையைக் கூட்டிப்போனால் முழு நாளும் போய்விடும். டாக்டர் பார்ப்பது கால் மணி, மிச்சம் பஸ்.

மிச்சமான நேரம் எங்கே போனது? தூங்கப் போகவில்லை. தண்ணீர் சுமக்கிற நேரம் மிச்சமான வருடம்தான் மேல் பாத்தியிலும் கேரட் போடலாம் என்று வீட்டில் யோசனை வந்தது. ஸ்பிரிங்க்லர் போட்டோம். கரண்ட் வரும்போது மோட்டாரைத் தட்டிவிட்டுக் குழாயை இடம் மாற்றி வைப்பது "சும்மா பார்த்துக்கோ" என்று என் கணக்கில் ஏறியது. எனக்கும் அதில் வருமானம் வந்தது, மறுக்கவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் அந்தக் கேரட்டில்தான் கட்டினோம்.

24 மார்ச்

சமவெளிக்காரர்களுக்குத் தெரியாத இரண்டு வேலைகள்: வெந்நீர், துணி.

கேஸ் இருந்தும் விறகடுப்பு ஏன் என்று கேட்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் குளிக்க வெந்நீரைக் கேஸில் போட்டால் சிலிண்டர் எத்தனை நாள் வரும்? மார்கழி, தையில் புல்லெல்லாம் உறைபனி. பாத்திரம் கழுவவும் வெந்நீர்தான். அதனால் கேஸ் வந்தும் சீகை மர விறகு பொறுக்கப் போவது நிற்கவில்லை. மழைக்காலத்தில் துவைத்த துணி நாள் கணக்கில் காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டு, திருப்பிப் போட்டு, பள்ளிச் சீருடையை மட்டும் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தி, அப்படியும் புகை வாசம் போகாது. இந்தத் திருப்பிப் போடுவதை எந்த ஆய்வாளரும் கேட்டதில்லை. நானாகச் சொல்லவும் தோன்றாது.

2 ஏப்ரல்

ஒருவர் மகளைப் பற்றிக் கேட்டார். இதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

ஒரு பெண்ணின் நாளை மட்டும் தனியாக எடுத்தால் எதுவும் விளங்காது. நான் காட்டில் நிறைய நேரம் இருந்த வருடங்களில் வீட்டை அத்தை பார்த்தார். அத்தைக்கு முழங்கால் போன பிறகு பெரியவள் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பிலேயே அவளுக்கு முழுச் சமையல் தெரியும். ஊரில் பெருமையாகச் சொன்னோம். அவள் திண்டுக்கல்லில் ஹாஸ்டலுக்குப் போன மாதம் என் காட்டு நேரம் தானாகக் குறைந்தது. வீட்டில் வேலை கூடவில்லை, செய்கிற ஆள்தான் குறைந்தது. காட்டுக்குப் பதில் ஆள் வைத்தோம். வீட்டுக்கு ஆள் வைக்கும் பேச்சு வரவில்லை.

போன லீவுக்கு வந்தவள் ஒரு நாள் தம்பியைக் கூப்பிட்டு முட்டைப் பொரியல் செய்யச் சொல்லிக் கொடுத்தாள். அத்தைக்குப் பிடிக்கவில்லை. ருசி சுமார்தான். உப்பு ஒரு பக்கம் இருந்தது.

9 ஏப்ரல்

நூறு நாள் வேலையைப் பற்றிச் சுருக்கமாக. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, அது பெரிய விஷயம். வேலை நடக்கும் இடத்துக்குச் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. இப்போது வருகைப் பதிவுக்குச் செயலியில் காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ எடுக்கிறார்கள். முன்பு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து மாட்டைப் பார்க்கலாம். இப்போது இரண்டாவது போட்டோவுக்காகக் காத்திருக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத மேட்டில் இருந்தால் போட்டோவும் கிடைக்காது, மாடும் கத்தும்.

19 ஏப்ரல்

"மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை என்று அரசே வீட்டு வேலைக்குச் சம்பளம் தருகிறதே?"

2023 செப்டம்பர் 15லிருந்து வருகிறது. புன்செய் பத்து ஏக்கருக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் என்ற வரம்புக்குள் எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகள் வந்துவிடும். சம்பளம் என்றால் கணக்குப் பார்ப்போம். 1000ஐ முப்பதால் வகுத்தால் நாளைக்கு 33 ரூபாய். மேலே சொன்ன 289 நிமிடத்துக்கு அதைப் பிரித்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட முழுசாக வராது. சம்பளம் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் அத்தை விஷயத்தில் நான் சிரிக்க மாட்டேன். எங்கள் வீட்டு ரேஷன் அட்டைக்கு அவர் பேரில்தான் வருகிறது. வாழ்க்கையில் முதல் முறையாக வங்கிக் கணக்கில் அவர் பேரில் காசு. பட்டாவில் அவர் பேர் இருந்ததே இல்லை. நாடு முழுக்கவே 2015–16 வேளாண் கணக்கெடுப்பில் பெண்கள் பொறுப்பில் இருந்த சாகுபடி நிலங்கள் எண்ணிக்கையில் 14 சதவீதத்தைத் தொடவில்லை. அவர் முதல் மாதம் வாங்கியது தனக்கு ஒரு டார்ச் லைட். இரண்டாவது மாதம் எனக்கு ஒரு ஸ்வெட்டர், நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, போட்டுக்கொள்கிறேன்.

10 மே

சீசன். ரோடு முழுக்க கார். போன வருடம் மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ–பாஸ் இருந்தும் இதுதான் கதி. கேரட் லாரி கொடைக்கானலைத் தாண்டவே நேரமாகிறது, அதனால் சரக்கை முன்னதாகக் கட்டச் சொல்கிறார்கள், அதனால் எடுப்பதும் கழுவுவதும் முன்னதாக, அதனால் சமையல் இன்னும் முன்னதாக. யாரோ ஒருவர் தூண் பாறையைப் பார்க்க வந்ததற்கு நான் அரை மணி முன்னால் எழுந்திருக்கிறேன். பள்ளி லீவு வேறு, காலை உணவும் இல்லை.

என் நாத்தனார் பூம்பாறை ரோட்டில் கேரட், பூண்டு வைத்து விற்கிறார். கூட்டம் நல்ல கூட்டம். கடையில் உட்கார்ந்தபடியே அடுத்த நாளைக்குக் கேரட் கட்டுகிறார், போனில் மகனுக்குப் பருப்பு எப்படி வேகவைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார்.

17 மே

புராஜெக்ட் மாணவிக்கு. இத்தனைக்கும் பிறகு "அப்படியானால் நான் என்ன கேட்க வேண்டும்?" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆராய்ச்சி தெரியாது, ஆனால் கேள்வி கேட்கப்பட்ட அனுபவம் உண்டு.

பதினொரு மணிக்கு ஊருக்குள் வராதீர்கள். வந்தால் வீட்டில் இருக்கும் பெரியவர்களும் மாடும்தான் பேட்டி கொடுக்கும். சாயங்காலம் வாருங்கள். நோட்டை மூடிவைத்துவிட்டு ஒரு அரிவாள்மனையை வாங்கிக்கொண்டு கூட உட்காருங்கள், பேச்சு தானாக வரும். எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள், நாங்கள் வாயில் வந்ததைச் சொல்வோம். நேற்று லாரி எப்போது வந்தது, கரண்ட் எப்போது வந்தது, அப்போது அடுப்பில் என்ன இருந்தது, பிள்ளை எங்கே இருந்தது என்று கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் "அப்போ கூடவே வேற என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று ஒரு தடவை கேளுங்கள். முந்தாநாள் உடம்பு சரியில்லை என்றால் அந்த வேலையை யார் செய்தார்கள் என்றும் கேளுங்கள். வீட்டில் ஆண்கள் இருக்கும்போது ஒரு தடவை, இல்லாதபோது ஒரு தடவை. பதில் மாறும்.

அப்புறம் பூண்டு எடுக்கும் மாதத்தையும் மழை மாதத்தையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள்.

8 ஜூன்

விதைப் பூண்டு உடைக்கிறோம். நடவு நெருங்கிவிட்டது. மூட்டை மூட்டையாகப் பூண்டை உடைத்துப் பல் பிரிக்க வேண்டும், தோல் கிழியக் கூடாது, சொத்தைப் பல்லை எடுத்துவிட வேண்டும். தெருவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் டிவி முன்னால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இதே வேலை. சீரியலும் ஓடுகிறது. பார்க்கிறவர்களுக்கு ஓய்வு நேரம் மாதிரிதான் தெரியும்.

குன்னூர்க்காரர் கேட்ட பல் பிரிக்கும் மிஷின்: போன வருடம் எங்கள் குழுவில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். வேகம் அபாரம். ஆனால் நாங்கள் ஓட்டிய மலைப்பூண்டில் நிறைய பல் நசுங்கியது. நசுங்கியதை நட்டால் அழுகிவிடும். ஊறுகாய்க்கு, மசாலாவுக்குக் கொடுப்பவர்களுக்குச் சரியாக வரும். பெரிய பல் ரகத்துக்கு இடைவெளியைத் தளர்த்தி ஓட்டினால் விதைக்கும் ஆகலாம் என்று மிஷின்காரர் சொன்னார், நாங்கள் ஓட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் எடுப்பதாக இருந்தால் முதலில் ஒரு கூடை மட்டும் ஓட்டி, பல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், கீறல் விழுந்தது தெரிந்துவிடும். இறக்கு கூலி, ஏற்று கூலி தனி, அதை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.